பண்ணை வண்டி வாங்குவோர் சிந்தனைக்கு

ஆஸ்திரேலியாவிலும் நியூஜிலாந்திலும் ஆடு மாடு வளர்ப்போரின் பண்ணைகளில், முன்னாளில் குதிரை நின்ற இடத்தில் இன்று நான்கு சக்கர மோட்டார் வண்டியொன்று நிற்கிறது. ஏ.டி.வி. என்றும் குவாட் பைக் என்றும் அதனை அழைப்பர். மோட்டார் சைக்கிளில் அமர்வதுபோல் இருபுறமும் காலிட்டு அமர்ந்து, கைப்பிடியைத் திருப்பி ஓட்ட வேண்டும். பருத்த டயர்களில் காற்று மிகக் குறைவாகவே நிரப்பப்படுவதால், சேற்றிலும் மணலிலும் புதையாமல் செல்லும். வேலியைச் சுற்றிப் பார்க்கவும், மந்தையை மடக்கவும், களைக்கு மருந்து தெளிக்கவும், தீவனம் சுமக்கவும் அதுவே துணை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே வண்டி காட்டுத் தடங்களில் உல்லாசச் சவாரிக்கும் புறப்பட்டுவிடும்.

நம் நாட்டிலும் இவ்வண்டி விற்பனைக்கு வந்துள்ளது. சுற்றுலாத் தலங்களில் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, தோட்டத்திற்கு ஒன்று வாங்கினால் என்ன என்று எண்ணுவோர் நம் அங்கத்தினரிடையேயும் இருத்தல் கூடும். அத்தகைய அன்பர்களின் கவனத்திற்கே இதனை எழுதுகிறோம்.

வாங்கச் செல்பவர் குதிரைச் சக்தி எவ்வளவு, எத்தனை சி.சி., விலை யாது என்று கேட்பது வழக்கம். எமது அபிப்பிராயத்தில் முதற் கேள்வி இவற்றுள் ஒன்றுமன்று. இவ்வண்டி பக்கவாட்டில் எத்தனை டிகிரி சாய்ந்தால் கவிழும்? இதனை முதலில் கேட்டறிந்த பின்னரே ஏனையவற்றைக் கேட்டல் வேண்டும். மிகையான அச்சமெனச் சிலர் நகைக்கக்கூடும். இவ்வண்டியின் வரலாற்றை நோக்கினால் நகைக்கத் தோன்றாது.

1970-ல் ஹோண்டா நிறுவனம் இவ்வகையில் தன் முதல் வண்டியை அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் வியாபாரம் மந்தமாகிவிடும் கடைக்காரர்களுக்கு விற்க ஒரு சரக்கு வேண்டும் என்பதே அதன் நோக்கம். உழவனின் தேவையிலிருந்து பிறந்ததன்று. பனியில் விளையாடப் பிறந்தது. அதற்குச் சக்கரம் மூன்றே. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. வேகமாகத் திருப்பினாலும், சரிவில் குறுக்கே ஓட்டினாலும் எளிதில் புரண்டது. 1982-ல் சுசுகி நிறுவனம் நான்கு சக்கர வண்டியைக் கொணர்ந்தது. எனினும் மூன்று சக்கர வண்டி உடனே ஒழிந்துவிடவில்லை. அடிபட்டோரும் இறந்தோரும் பெருகி, அவர்களிற் சிறுவர் பலராக இருந்தமையால், அமெரிக்க அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. 1988-ல் நீதிமன்றத்தில் செய்துகொண்ட உடன்பாட்டின்படியே உற்பத்தியாளர்கள் புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையை அங்கே கைவிட்டனர். ஒரு சக்கரம் போதவில்லை என்பதை ஒப்புக்கொள்ளப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

நான்காவது சக்கரம் வந்ததனால் கவிழ்தல் நின்றுவிட்டதா என்றால், இல்லை. வண்டியின் அகலம் குறைவு; அமர்பவரின் உயரம் அதிகம். அன்றியும் இவற்றுள் பலவற்றில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பூட்டப்பட்டு ஒன்றாகவே சுழல்கின்றன. திரும்பும்போது உட்புறச் சக்கரம் குறைந்த தூரமே ஓட வேண்டியிருந்தும் வெளிச் சக்கரத்தின் வேகத்தோடே சுழல்வதால், அது தரையில் சறுக்கியாக வேண்டும். அதற்கென ஓட்டுபவர் தம் உடலை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்திப் பாரத்தை மாற்றிக்கொண்டே இருத்தல் அவசியம். இருக்கை நீளமாக அமைந்திருப்பது இதன் பொருட்டேயன்றி வேறொருவரை ஏற்றிக்கொள்வதற்கன்று. இருவர் அமர்வதற்கென்றே செய்யப்பட்ட சில வண்டிகள் தனி. மற்றவற்றில் நீண்ட இருக்கையைக் கண்டதும் மனைவியையோ பேரப்பிள்ளையையோ பின்னால் உட்கார வைக்கும் ஆசை எழுவது இயல்பே. வாரமெல்லாம் தனியே ஓட்டி வேலை செய்த வண்டி, உல்லாச நாளன்று ஆள் ஏறியவுடன் வேறொரு வண்டியாகி விடுகிறது. வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே வண்டி என்னும் விளம்பரத்தில் எமக்குள்ள ஐயம் இதுவே.

கவிழ்ந்த பின் நேர்வது இன்னும் கொடிது. வேலைக்கேற்ற வண்டியின் எடை பெரும்பாலும் 300 கிலோவை ஒட்டியிருக்கும். எலும்பு முறிவதால் மட்டுமே மரணம் வருவதில்லை. அடியில் அகப்பட்டவர், மார்பு அழுந்தி மூச்சுவிட இயலாமலே உயிர் துறந்த சம்பவங்கள் ஆஸ்திரேலியப் பண்ணைகளில் பல. தனியே வேலைக்குச் சென்றவரைத் தூக்கிவிட அருகில் ஆள் இராது.

இதனாலேயே ஆஸ்திரேலிய அரசாங்கம் 2019-ல் குவாட் பைக்குகளுக்குக் கட்டாயப் பாதுகாப்பு விதிகளைப் பிறப்பித்தது. 2020 அக்டோபர் முதல், சாய்மேடையில் வைத்துச் சோதிக்கும்போது வண்டி எத்தனை டிகிரியில் கவிழத் தொடங்குகிறது என்பதைக் காட்டும் அட்டை, விற்பனைக்குரிய ஒவ்வொரு வண்டியிலும் தொங்க வேண்டும் என்றாயிற்று. 2021 அக்டோபர் முதல், பண்ணை முதலிய பொது உபயோகத்திற்கான வண்டி பக்கவாட்டில் ஏறக்குறைய 29 டிகிரி வரையிலும், முன்பின்னாக ஏறக்குறைய 39 டிகிரி வரையிலும் சாய்வைத் தாங்கியாக வேண்டும். அதனோடு, கவிழ்ந்தாலும் ஓட்டுபவர்மீது முழுப் பாரமும் விழாதவாறு தடுக்கும் காப்புச் சட்டமும் இருத்தல் வேண்டும்.

பெரிய கம்பெனிகள் இதனை எதிர்த்தன. காப்புச் சட்டமே ஓட்டுபவரைத் தாக்கக்கூடும், பயிற்சியும் தலைக்கவசமுமே தக்க பரிகாரம் என்று வாதாடின. ஹோண்டாவும் யமஹாவும் அந்நாட்டில் இவ்வண்டிகளை விற்பதையே நிறுத்திக்கொள்வதாக 2020-ல் அறிவித்தன. பழகிய வண்டி கிடைக்காமற் போயிற்றே என்று வருந்திய பண்ணைக்காரர்களும் உண்டு, அவ்வருத்தம் நியாயமானதே. தலைக்கவசம் இன்றியமையாதது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அது தலையைக் காக்குமேயன்றி மார்பைக் காக்குமோ? எந்தத் தேர்ந்த ஓட்டுநரும் மாலையில் களைத்திருப்பார், புல்லுக்குள் மறைந்த கல்லைக் காணத் தவறுவார். அவ்வேளைக்கென்று வண்டியில் ஏதேனும் இருக்கட்டும் என்பதே எமது கட்சி. அத்தகைய விதி இல்லாத நாடுகளில் வாங்குவோர் இக்காப்புச் சட்டத்தைத் தாமே கேட்டுப் பொருத்திக்கொள்ளுதல் நலம்.

இனி, தேர்ந்தெடுக்கும் முறை. மெலிந்த உடலும் மிகுந்த வேகமும் உடைய பந்தய வகை தோட்டத்திற்குப் பயன்படாது. அதில் மூட்டை கட்டவும் இடமில்லை. வேலை வண்டியோ காட்டுத் தடத்திலும் நிதானமாகச் செல்லும். ஆகவே இரண்டும் வேண்டுவோர் வேலை வண்டியையே கொள்க. பாரம் இழுப்பதே முக்கியமாயின் பின்புறம் ஒற்றை அச்சுள்ளது உறுதி. கரடு முரடான நிலத்தில் நெடுநேரம் ஓட்டுவதாயின் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு இடுப்புக்குச் சுகம். மலைச்சரிவில் தோட்டம் உடையவர்கள், ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் இஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும் வசதி உண்டா என்று அவசியம் பார்த்தல் வேண்டும். அஃதில்லாத வண்டி இறக்கத்தில் தானே உருண்டோடும்.

மருந்துத் தொட்டி பற்றித் தனியே சொல்ல வேண்டும். 50 லிட்டர் நீர் என்பது 50 கிலோ பாரம். அதுவும் பின்தட்டில் உயரத்தில் அமர்ந்திருக்கும் பாரம். பாதி காலியான தொட்டியில் நீர் வண்டி சாயும் பக்கமே அலைந்து சென்று மேலும் சாய்க்கும். உட்தடுப்பு உள்ள தொட்டியே வாங்கத் தக்கது. அட்டையிலுள்ள டிகிரிக் கணக்கும் தொட்டி ஏற்றிய பின் அப்படியே நில்லாது.

வேலைக்கு இருவர் சேர்ந்து செல்வது வழக்கமானால் குவாட் பைக்கை மறந்துவிடுக. ஸ்டியரிங் சக்கரமும், பக்கத்தில் பக்கமாக இருக்கைகளும், வார்ப்பட்டையும், தலைக்கு மேல் இரும்புக் கூண்டும் உடைய வண்டி தனியே விற்கிறது. விலை கூடுதல், குறுகிய வரப்பில் நுழையாது. வார்ப்பட்டையை மாட்டாவிட்டால் கூண்டினாலும் பயனில்லை.

சிறுவர் விஷயத்தில் சலுகைக்கு இடமே இல்லை. பெரியோருக்கான வண்டியைப் 16 வயது நிரம்பாதவர் ஓட்டலாகாது என்பது உற்பத்தியாளர்களே வண்டிமேல் ஒட்டியனுப்பும் எச்சரிக்கை. தோட்டத்துக்குள்தானே என்று சாவியைக் கொடுப்பவர்கள், கவிழ்வது பெரும்பாலும் தோட்டத்துக்குள்தான் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

நம் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. இவ்வண்டி ஏர் பூட்ட வந்ததன்று. சேற்றுழவுக்குப் பவர் டில்லரின் வேலையை இது செய்யாது. அடுத்து, இங்கு விற்கப்படுபவற்றுள் சாலையில் ஓட்டப் பதிவு கிடைக்காத வண்டிகள் பல. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே பஞ்சாயத்து ரோடு குறுக்கிட்டால், பணம் கட்டுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்க.

கடைசியாக ஒரு சிறு செலவு. இவ்வண்டியின் டயர்களுக்கு வேண்டிய காற்றழுத்தம் பெரும்பாலும் 3 முதல் 7 பவுண்டு வரையே. லாரி டயருக்கான அளவுமானி அதனைச் சரியாகக் காட்டாது. ஒரு பக்கத்து டயரில் 2 பவுண்டு குறைந்தாலும் வண்டி அப்பக்கம் இழுக்கும். குறைந்த அழுத்தம் அளக்கும் மானி கருவிப் பையில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையேல் கேட்டு வாங்கிக்கொள்க.