சால்னா கொண்டுவரச் சொல்லும் விதி

சி மொழி நிரல் ஒன்றின் பல கோப்புகளுக்கும் பொதுவான தரவினங்களையும் செயற்கூறுகளின் அறிவிப்புகளையும் தாங்கிநிற்பது ஹெடர் எனப்படும் தலைப்புக் கோப்பாகும். அத்தகைய கோப்பு தனக்குள் இன்னொரு தலைப்புக் கோப்பை ஒருபோதும் சேர்க்கலாகாது என்று பெல் ஆய்வகத்தின் ராப் பைக் 1989இல் எழுதிவைத்தது இன்றும் சிலரால் வேதவாக்காக ஓதப்படுவதால், மத்தளம்பாறை சோஹோ நேர்காணலை எண்ணிச் சி மொழியைப் புரட்டும் தென்காசி மாணவர் அதை நம்பிவிடும் முன் அதன் காரணங்களை உரசிப் பார்ப்பது தகும்.

முதற் காரணம் வேகம்: தலைப்புக் கோப்புகள் பிறவற்றைச் சேர்த்தால் ஒரே கோப்பு பலமுறை படிக்கப்படும். ஒரு பெயர் முன்பே வரையறுக்கப்பட்டிருந்தால் கோப்பின் உள்ளடக்கத்தை விட்டுவிடச் செய்யும் 'இன்க்ளூட் கார்டு' என்னும் காப்பு வரிகள் இருப்பினும், விடுவதற்காகவேனும் கோப்பு முழுவதையும் படித்தாக வேண்டுமே என்பது பைக்கின் கவலை. காப்பு வரிகள் கோப்பு முழுவதையும் சூழ்ந்திருப்பதைக் கண்டுகொண்ட ஜிசிசி என்னும் நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) மறுமுறை அதைத் திறப்பதே இல்லை என்பதோடு அக்கவலை தீர்ந்தது. காப்பு வரிகளைப் பலர் தவறாக எழுதுகின்றனர் என்பது இரண்டாம் காரணமாம். அவ்வாறாயின் சரியாக எழுதக் கற்பிக்கலாம்.

எஞ்சுவது, தேவையானவற்றைப் பயன்படுத்துபவரே முன்கூட்டிச் சேர்த்துக்கொள்வது எளிது என்னும் கூற்று. விதியின் உயிர்நிலையும் ஓட்டையும் இதுவே. ஒரு கோப்பின் அளவு, உரிமையாளர் முதலிய விவரங்களைத் தரும் 'ஸ்டாட்' செயற்கூற்றைப் பழைய யூனிக்ஸில் அழைக்க விரும்பியவர், அதற்குரிய தலைப்புக் கோப்புக்கு முன்பாக, அடிப்படைத் தரவினங்களை வரையறுக்கும் 'டைப்ஸ்' கோப்பையும் சேர்க்க வேண்டியிருந்தது. வரிசை பிறழ்ந்தாலோ, நிரல்பெயர்ப்பி சுட்டும் பிழை அவர் எழுதிய வரியில் அன்றி, அவர் திறந்தும் பாராத கோப்பின் நடுவில் முளைக்கும். பிரானூர் பார்டர் கடையில் பரோட்டா கேட்டவரிடம், சால்னாவை வீட்டிலிருந்து, அதுவும் இலை போடுமுன், கொண்டுவந்திருக்க வேண்டும் என்று சொன்னால் அந்தக் கடை எத்தனை நாள் நடக்கும் என்பதைக் குற்றாலச் சீசனுக்கு வருவோரே சொல்லிவிடுவர். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் 2001ஆம் ஆண்டுப் பதிப்பு இச்சுமையை இறக்கிவைத்தது. விதியைப் பின்பற்றுவோர் நிலையோ வேறு: பல தரவுகளை ஒன்றாகக் கட்டும் 'ஸ்ட்ரக்ட்' ஒன்றில் நேரத்தைக் குறிக்கும் உறுப்பு ஒன்றை அதன் ஆசிரியர் புதிதாகச் சேர்த்தால், அந்தத் தலைப்புக் கோப்பைப் பயன்படுத்தும் நூறு கோப்புகளிலும், நேரத்தைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாதவர்கள் நேரத்துக்குரிய தலைப்புக் கோப்பைத் தேடிச் சேர்க்க வேண்டும்; இதற்குப் பெயர் எளிமை. பைக் எழுதிய அதே 1989இல் ஏற்கப்பட்ட சி மொழிக்கான ஆன்சி தரம், 'அசர்ட்' கோப்பு ஒன்று நீங்கலாகத் தன் தலைப்புக் கோப்புகளை எவ்வரிசையிலும் எத்தனை முறையும் சேர்க்கலாம், விளைவு மாறாது என்றே வகுத்தது. தனியாகச் சேர்த்தாலும் பிழையின்றி நிரல்பெயர்க்கப்படுவதே தலைப்புக் கோப்புக்கு அழகு.

பைக், ராபர்ட் கிரீசமர், கென் தாம்சன் ஆகியோர் வடிவமைத்து 2009இல் வெளிவந்த கோ மொழியில் தலைப்புக் கோப்பே கிடையாது. அங்கே ஒவ்வொரு தொகுப்பும் தனக்கு வேண்டிய பிற தொகுப்புகளைத் தானே வரவழைத்துக்கொள்கிறதே அன்றி, அவற்றின் பட்டியலை நீட்டிப் பயன்படுத்துபவர் தலையில் கட்டுவதில்லை.