மருந்தும் வீடும்

பிணிக்கு மருந்து கொடுத்துவிட்டு, அப்பிணியை விளைவித்த வீட்டிற்கே நோயாளியைத் திருப்பி அனுப்புவது வைத்தியமாகுமா? வேர் அழுகிக் கிடக்க இலைக்கு மருந்து தெளிக்கும் கமக்காரன் எவனுமில்லன். ஆயின், பிரித்தானியாவில் வந்து குடியேறிய ஏழை மக்கள் பலரின் நிலை இதுவே.

அந்நாடு இவ்வுண்மையை அறியாததன்று. நம் ஊர்களில் இன்றும் பணிபுரியும் சுகாதார வைத்திய அதிகாரியின் பதவி, அங்கே முதன்முதலாக 1847இல் லிவர்பூல் நகரில் உருவாயிற்று. டாக்டர் வில்லியம் ஹென்றி டங்கன் அப்பதவியை ஏற்றார். பஞ்சத்திற்குத் தப்பி வந்த அயர்லாந்து மக்கள் அவ்வாண்டிலே அந்நகரின் நிலவறைகளில் நெருங்கிக் கிடந்து காய்ச்சலுக்கு இரையாயினர். இருப்பிடத்தின் நெருக்கத்திற்கும் நோய்க்குமுள்ள உறவை டங்கன் எடுத்துக் காட்டினார். 1974இல் அப்பதவி ஒழிக்கப்பட்டது. பொதுச் சுகாதாரம் உள்ளூராட்சி மன்றங்களின் கையை விட்டுப் போயிற்று. 2013இல் இங்கிலாந்தில் அது மன்றங்களிடம் மீண்டது; அப்பழைய பதவி மீளவில்லை.

1996ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம், வைத்தியக் காரணத்தால் வீடு மாற வேண்டியவர்க்கு முன்னுரிமை அளிக்கப் பணிக்கின்றது. நல்ல விதியே! ஆனால் குடிவரவுக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டோரிற் பலரை அதே சட்டம் விலக்கி வைக்கின்றது. வைத்தியரின் கடிதம் உண்டு. கதவு மட்டும் திறவாது.

உரிமை உள்ளவர்க்கேனும் கதவு திறந்ததா? ரொச்டேல் நகரில் சூடானிலிருந்து வந்த பெற்றோரின் இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் மாண்டது. வீட்டுச் சுவரில் படர்ந்த பூஞ்சணமே அதன் மூச்சைப் பறித்ததென 2022இல் மரண விசாரணை முடிவு செய்தது. தந்தை முறையிட்டிருந்தார், சுகாதாரப் பணியாளரும் எழுதியிருந்தார். கேட்பாரில்லை.

அம்மரணத்தின் பின்னரே சட்டம் கண் விழித்தது. 2025 ஒக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீட்டு உடைமையாளர், கடும் ஈரம், பூஞ்சணம் பற்றிய முறைப்பாட்டைப் பத்து வேலை நாட்களுள் ஆராய்தல் வேண்டும். ஆபத்தை உரிய காலத்தில் நீக்க இயலாவிடின் மாற்று வசிப்பிடம் அளித்தல் வேண்டும். இதனை வரவேற்கின்றோம். ஆனால் நடைமுறைக்கு வந்தபோது அது தனியார் வாடகை வீடுகளைத் தொடவில்லை. புதிதாக வந்தவர் பெரிதும் ஒதுங்குவது அத்தகைய வீடுகளிலன்றோ?

1983இன் பின் எம்மவர் பல்லாயிரவர் அந்நாட்டிலே தஞ்சம் புகுந்தனர். ஆதலின் இது எமக்கு அயலார் கதையன்று. வைத்தியர் ‘இவ்வீடு இந்நோயாளிக்கு ஆகாது’ என்றுரைத்தால், அச்சொல் வீடு வழங்குவோரைக் கட்டுப்படுத்துதல் வேண்டும்; கடவுச்சீட்டின் நிறம் அதற்குத் தடையாதல் கூடாது. பூஞ்சணம் எவரிடமும் குடியுரிமை கேட்பதில்லை. அதை அகற்றுவோர் மட்டும் ஏன் கேட்கவேண்டும்?