அரசு கொடுத்தால் இலவசம், ஜியோ கொடுத்தால் ஆஃபரா?

மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயை ‘இலவசம்’ என்று ஏளனம் செய்கிறவர்கள், 2025 அக்டோபரில் ஜியோ அறிவித்ததை ‘ஆஃபர்’ என்று கொண்டாடினார்கள். 35,100 ரூபாய் மதிப்புள்ள கூகுளின் செயற்கை நுண்ணறிவுச் சேவையான ஜெமினி ப்ரோ 18 மாதங்களுக்கு இலவசம். அதற்கு முன் ஜூலையிலேயே ஏர்டெல், பெர்ப்ளெக்சிட்டி ப்ரோவை ஓராண்டுக்கு வழங்கியிருந்தது.

இது தாராளம் அல்ல, வியாபாரம். ஜெமினி வேண்டுமென்றால் அன்லிமிடெட் 5ஜி பிளான் போட வேண்டும். விலை கூடிய பிளானுக்கு ஆட்கள் மாறினால் ஜியோவுக்கு வருமானம். கூகுளுக்கோ கோடிக்கணக்கில் புதிய பயனர்கள். பழகிய பிறகு சந்தா.

நாடுகாணியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களின் குடும்பங்கள் வாழ்கின்றன. பெரும்பாலோர் தலித்துகள். லயத்தில் பட்டன் போன் வைத்திருக்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இந்த ஆஃபர் இல்லை. ஆனால் 2024 ஜூலையில் ஏர்டெல் 179 ரூபாய் பேக்கை 199 ஆக்கியபோது, அந்தச் சுமை அவர் தலையிலும்தான் ஏறியது. பேசுவதற்கு மட்டுமான ரீசார்ஜைக் கட்டாயமாக்கவே டிராய் 2024 டிசம்பரில் விதி போட வேண்டியிருந்தது.

தொலைதூரக் கிராமங்களுக்குச் சேவை கொண்டுசெல்ல டிஜிட்டல் பாரத் நிதி என்று ஒன்று இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை அதற்குச் செலுத்துகின்றன. அந்தப் பணம் முதலில் லயங்களுக்கும் பழங்குடிக் குடியிருப்புகளுக்கும் சிக்னலாக வந்து சேரட்டும். அது சலுகை அல்ல, உரிமை.