காவல் கருவியும் கண்காணிக்கப்பட வேண்டும்

விமான எரிபொருளில் நீர் மூன்று விதமாகத் தங்குகிறது: கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும், நுண்துளிகளாக மிதந்து எரிபொருளை மங்கலாக்கும், தொட்டியின் அடியில் தனியே தேங்கும். தரையில் கரைந்திருந்த நீர், உயரே எரிபொருள் குளிரும்போது பிரிந்து துளியாகிறது. ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரி செல்சியஸ் வரை உறையக் கூடாது என்பது தர விதி. அதில் கலந்திருக்கும் நீர் அவ்வளவு குளிரைத் தாங்காது. எரிபொருள் குறையக் குறைய, காற்றுத் துளை வழியே ஈரக்காற்றும் தொட்டிக்குள் வருகிறது. எனவே நீரை ஒரேயடியாக ஒழிக்க வழியில்லை. விடாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

விமான நிலையக் கிடங்கில் தொட்டியின் அடி சரிவாக அமைக்கப்படுகிறது. அடியில் தேங்கிய நீரும் துருவும் வண்டலும் தினமும் வடிக்கப்படுகின்றன. எரிபொருளை மேல்மட்டத்திலிருந்து எடுக்க மிதவைக் குழாய் உண்டு. அடுத்து, நுண்துளிகளை ஒன்றுசேர்த்துப் பெருந்துளியாக்கிக் கீழே இறக்கும் வடிகட்டி. கடைசிச் சோதனை எளிமையானது. கண்ணாடிக் குடுவையில் பிடித்த எரிபொருள் கலங்காமல் பளிச்சென்று இருக்க வேண்டும். பிறகு, சிரிஞ்சின் முனையில் மஞ்சள் நிற வில்லையைப் பொருத்தி 5 மில்லிலிட்டர் உறிஞ்சுவார்கள். பத்து லட்சத்தில் 30 பங்கு அளவுக்கு நீர் இருந்தாலே வில்லை பச்சையாகிவிடும்.

இத்தனையும் இருந்தும் விபத்துகள் நேர்ந்தன. நீரைச் சமாளிக்க வைத்த ஏற்பாடே சில சமயம் கேடாக மாறியதுதான் அவற்றில் கவனிக்க வேண்டியது. 2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777, லண்டன் ஹீத்ரோவில் ஓடுதளத்தை எட்டும் முன்பே புல்தரையில் விழுந்தது. 152 பேரும் உயிர் தப்பினர். எரிபொருள் தர வரம்புக்குள்தான் இருந்தது. குழாய்களில் படிந்திருந்த பனி மொத்தமாகப் பெயர்ந்து, எரிபொருளைச் சூடாக்கும் வெப்பப் பரிமாற்றியின் வாயையே அடைத்துவிட்டது. பின்னர் அந்தப் பாகத்தின் வடிவமைப்பு மாற்றப்பட்டது.

2010 ஏப்ரல் 13 அன்று நடந்தது இன்னும் கவலை தருவது. இந்தோனேசியாவின் சுரபயா விமான நிலையத்தில் நிலத்தடி எரிபொருள் குழாய்களை நீட்டிக்கும் பணியின்போது உப்புநீர் உள்ளே புகுந்தது. வடிகட்டியில் நீரை உறிஞ்சி வீங்கும் பாலிமர் இருந்தது. உப்புநீர் பட்ட அந்தப் பாலிமர் நுண்ணிய உருண்டைகளாகி எரிபொருளோடு கலந்தது. கேத்தே பசிபிக் ஏ330 விமானத்துக்கு எரிபொருள் நிரப்பியபோது குழாய் அதிர்ந்தது. பணி சிலமுறை நிறுத்தப்பட்டு, காரணம் ஆராயப்படாமலே முடிக்கப்பட்டது. உருண்டைகள் இரு எஞ்சின்களின் எரிபொருள் அளவிடும் வால்வுகளையும் இறுக்கிவிட்டன. விமானி வேகத்தைக் குறைக்க வழியின்றி, சுமார் 230 நாட் வேகத்தில் ஹாங்காங்கில் தரையிறக்கினார். அவசர வெளியேற்றத்தில் பலர் காயமடைந்தனர். அவ்வகை வடிகட்டிகளைக் கைவிடும் முடிவைத் துறை பிற்பாடு எடுத்தது. ஆனால் அன்று அந்தக் குழாயின் அதிர்வே போதுமான எச்சரிக்கை. எரிபொருள் நிரப்புபவருக்குப் புறப்பாட்டை நிறுத்திவைக்கும் அதிகாரமும், அதற்காகக் கடிந்துகொள்ளப்பட மாட்டோம் என்ற உறுதியும் இல்லாவிட்டால் எந்தச் சோதனையும் வெறும் சடங்காகிவிடும்.

நீர் தேங்கும் இடத்தில் பூஞ்சையும் வளரும். நீரும் எரிபொருளும் சந்திக்கும் படலத்தில் பெருகி, வடிகட்டியை அடைத்து, தொட்டியின் அலுமினியத்தையும் அரிக்கும். அதைக் கொல்லும் மருந்திலும் ஆபத்து உண்டு. 2020 பிப்ரவரியில் லண்டன் காட்விக்கில் புறப்பட்ட ஓர் ஏ321 விமானத்தின் இரு எஞ்சின்களும் தடுமாறின; அது உடனே திரும்பிப் பத்திரமாக இறங்கியது. கணக்குப் பிழையால், பரிந்துரைத்த அளவைப்போல் 38 மடங்கு மருந்து கலக்கப்பட்டிருந்தது. மருந்தின் அளவை இரண்டாமவர் ஒருவர் தனியாகக் கணக்கிட்டுச் சரிபார்ப்பது கட்டாயமாக வேண்டும். அதைவிட நல்லது, மருந்தே தேவைப்படாமல் பார்த்துக்கொள்வது. நீரில்லாமல் பூஞ்சை வளராது. விமானம் அசையாமல் நின்று நீர் அடியில் படிந்த பிறகு, புதிதாக எரிபொருள் நிரப்பிக் கலக்குவதற்கு முன்பு, இறக்கைத் தொட்டிகளின் வடிகால் வால்வுகளைத் திறந்து வடித்துவிட வேண்டும். நேர நெருக்கடியில் முதலில் தள்ளிப்போடப்படுவது இந்த வேலையாக இருக்கக் கூடாது.