மழைக்கு முந்த வேண்டிய குரல்

2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு கொட்டிய மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் மாடுகள் நூற்றுக்கணக்கில் விறைத்து இறந்தன.

வவுனியாப் பக்கம் தொடங்கும் கனகராயன் ஆறுதான் இரணைமடுவை நிரப்புகிறது. அங்கே மழை கொட்டினால், கிளிநொச்சியில் வெயில் எறித்தாலும் குளம் ஏறும். வட மாகாணத்தில் மழை பெய்யும் என்ற ஒற்றை வரி முன்னறிவிப்பு இதைச் சொல்லாது. எந்தக் குளம் எத்தனை மணிக்குத் திறக்கும், எந்த ஊர் விலக வேண்டும் என்பதே பரந்தனில் பெரும்போகம் விதைத்தவருக்கு வேண்டிய செய்தி.

இந்த இடைவெளியை முகநூல் குறிப்புகளால் நிரப்பிவருபவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் துறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா. எளிய தமிழில் அவர் எழுதுவது பெரும்பணி. ஆனால் மின்சாரமும் சிக்னலும் போன இரவில் முகநூல் திறக்காது. பற்றரி வானொலி பேசும்.

வானொலி நடத்த இங்கே பல்கலைக்கழகங்களும் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 முதல் தனித்து இயங்குகிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004இலேயே வளாகத்தில் சமூக வானொலி தொடங்கிவிட்டது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா அடங்கிய வன்னிக்கும் அப்படியொரு வானொலி வேண்டும். வளிமண்டலவியல், நீர்ப்பாசனத் திணைக்களங்கள் தங்கள் அளவீடுகளை மணிக்கு மணி அதற்குக் கொடுக்க வேண்டும். அடுத்த பெரும்போகத்துக்கு முன் அரசு அதற்கு அலைவரிசை ஒதுக்கட்டும்.