கடன் வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடு!

இரவு 2 மணி தாண்டி விட்டது.

லண்டன் நகரம் தூங்கிக் கொண்டு இருந்தது. ஆம்புலன்ஸ் நிலையத்தில் மட்டும் தூக்கம் இல்லை. நெஞ்சு வலி என்றாலும், விபத்து என்றாலும், 999 என்ற எண்ணுக்குப் பேசினால் ஆம்புலன்ஸ் வரும். அழைப்பைக் குறித்துக் கொள்வதும், வண்டி புறப்பட உத்தரவு அனுப்புவதும் கம்ப்யூட்டரின் வேலை.

திடீரென்று கம்ப்யூட்டர் தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அசையாமல் நின்று விட்டது!

ஊழியர்கள் அதை நிறுத்தி, மறுபடியும் ஓட விட்டுப் பார்த்தார்கள். பயன் இல்லை. ஒன்று கெட்டால் உதவிக்கு வருவதற்கென்றே இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தது. அதுவும் கை கொடுக்கவில்லை. கடைசியில் காகிதத்தையும் டெலிபோனையும் வைத்துக் கொண்டு சமாளித்தார்கள்.

இது நடந்தது 1992-ம் ஆண்டு நவம்பர் மாதம் 4-ந் தேதி. அந்த நிலையத்தை நம்பி 68 லட்சம் மக்கள் இருந்தார்கள். நாள் ஒன்றுக்கு 2 ஆயிரம் முதல் 2,500 அழைப்புகள் வரை வந்தன. அழைப்புகள் குவியும் நேரத்தில் இப்படி நின்றிருந்தால் என்ன ஆகி இருக்கும்?

குற்றவாளி யார்?

விசாரணை நடந்தது. 1993-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அறிக்கை வெளிவந்தது.

கம்ப்யூட்டர் பழுதாகவில்லை. யாரும் சதி செய்யவில்லை. புரோகிராமில் இருந்த ஒரு சின்னத் தவறுதான் காரணம்!

மூன்று வாரங்களுக்கு முன்பு, புரோகிராம் எழுதுகிறவர் ஏதோ திருத்த வேலை செய்தார். அப்போது சில வரிகளைத் தெரியாமல் உள்ளே விட்டு விட்டார். ஒவ்வொரு முறை வண்டிக்கு உத்தரவு போகும்போதும் அந்த வரிகள் கொஞ்சம் மெமரியை எடுத்துக் கொண்டன. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மூன்று வாரத்தில் மெமரி முழுவதும் தீர்ந்து விட்டது.

மெமரி என்பது என்ன? கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது கணக்குகளைப் பரப்பி வைத்துக் கொள்ளும் இடம். அது அளவானது. ஒரு புரோகிராம் இடம் வேண்டும் என்று கேட்கும், வாங்கும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் ஒரு குடம் இரவல் வாங்குகிறோம். வேலை முடிந்ததும் கழுவிக் கொடுத்து விட்டால் வம்பு இல்லை. தினம் ஒரு குடம் வாங்கி, ஒன்றையும் திருப்பித் தராமல் இருந்தால்? ஒரு நாள் அந்த வீட்டில் தண்ணீர் பிடிக்கக் குடமே இருக்காது.

இந்தத் தவறை "மெமரி லீக்" என்கிறார்கள். அதாவது, மெமரி ஒழுகுவது. கையில் வைத்திருக்கும் செல்போன் நாளாக ஆகச் சோர்ந்து போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாது

ஒழுகும் புரோகிராம் முதல் நாள் நன்றாகவே ஓடும். இரண்டாம் நாளும் ஓடும். சாதாரணமாகச் சோதித்துப் பார்த்தால் இந்தத் தவறு அகப்படாது. லண்டன் அறிக்கையும் இதையே சொல்லிற்று.

அப்படியானால் வழி என்ன? அளந்து பார்ப்பதுதான் வழி!

அன்று இல்லாத ஒரு கருவி இன்று இருக்கிறது. அதன் பெயர் "வால்கிரிண்ட்". ஜூலியன் சீவார்டு என்பவர் உருவாக்கிய இந்தக் கருவி, 2002-ம் ஆண்டு வெளிவந்தது. லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இது வேலை செய்யும். விலை கிடையாது.

படத்தைத் தொட்டு இயக்கும் கருவி அல்ல இது. கீ-போர்டில் ஒரு வரி அடித்தால் போதும். முதலில் வால்கிரிண்ட் என்ற பெயர். அடுத்து, சோதிக்க வேண்டிய புரோகிராமின் பெயர். அவ்வளவுதான்.

உடனே அது அந்தப் புரோகிராமைத் தன் பிடியில் வைத்து ஓட்டும். யார் எவ்வளவு இடம் வாங்கினார், யார் திருப்பிக் கொடுத்தார் என்று கணக்குப்பிள்ளை போல எழுதிக் கொண்டே வரும். முடிவில் கணக்கை ஒப்பிக்கும். "இத்தனை பைட் இடம் திரும்பி வரவில்லை" என்று சொல்லும். புரோகிராமை அதற்குத் தக்கபடி தயார் செய்திருந்தால், எந்த வரியில் வாங்கிய கடன் என்பதையும் காட்டிக் கொடுத்து விடும்!

இதற்குள்ளேயே "மாசிஃப்" என்று இன்னொரு கருவி உண்டு. புரோகிராம் வைத்திருக்கும் இடம் எப்போது ஏறிற்று, எப்போது இறங்கிற்று என்பதை அது படமாகப் போட்டுக் காட்டும். ஏறிக் கொண்டே போனால், எங்கோ கோளாறு என்று சந்தேகப்படலாம்.

சாக்குப் போக்கு

இவ்வளவு வசதி இருந்தும் பலர் அளந்து பார்ப்பது இல்லை. கேட்டால் இரண்டு காரணம் சொல்கிறார்கள்.

"மெமரி விலை மலிவு. பற்றாவிட்டால் இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடலாம்" என்பது ஒன்று. ஓட்டைக் குழாயின் கீழே பெரிய அண்டாவை வைத்தால் ஒழுகல் நின்று விடுமா? அண்டா நிரம்பக் கொஞ்சம் நாள் ஆகும், அவ்வளவுதான். லண்டனில் இரண்டு மடங்கு மெமரி இருந்திருந்தால், மூன்று வாரத்தில் நின்றது ஆறு வாரத்தில் நின்றிருக்கும்!

"வால்கிரிண்ட் வைத்து ஓட்டினால் புரோகிராம் 10 முதல் 30 மடங்கு மெதுவாகப் போகிறது" என்பது இன்னொன்று. அது உண்மைதான். ஆனால், அந்தத் தாமதம் பட்டறையில் நடப்பது. பஸ்சின் பிரேக்கைப் பட்டறையில் சோதிக்க ஒரு மணி நேரம் ஆகிறது என்பதற்காக, சோதிக்காமலே ரோட்டில் விடலாமா?

கருவி தவறைத் திருத்தித் தராது என்பதும் உண்மை. காய்ச்சல் அளக்கும் தெர்மாமீட்டர் மருந்து கொடுப்பது இல்லை. ஆனாலும், தெர்மாமீட்டர் வேண்டாம் என்று எந்த டாக்டரும் சொல்வது இல்லை.

வாசலில் நிற்கட்டும்

வால்கிரிண்ட் என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. வடக்கு ஐரோப்பாவின் பழைய புராணத்தில், மாண்ட வீரர்கள் போய்ச் சேரும் மண்டபம் ஒன்று வருகிறது. அதன் வாசலின் பெயர்தான் வால்கிரிண்ட். தகுதி உள்ளவர்கள் மட்டுமே அந்த வாசலைத் தாண்ட முடியுமாம்.

புரோகிராம்களுக்கும் அப்படி ஒரு வாசல் வேண்டும். ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், ரெயில், பாங்கி என்று மக்கள் நம்பி இருக்கும் இடங்களில் ஓடப் போகிற எந்தப் புரோகிராமும், மெமரிக் கணக்கைக் காட்டி விட்டுத்தான் வெளியே வர வேண்டும். இதைப் புரோகிராம் எழுதுகிறவரின் விருப்பத்துக்கு விடக் கூடாது. கட்டாயம் ஆக்க வேண்டும்.

அடிக்க வேண்டியது ஒரே ஒரு வரி. அந்தச் சோம்பலுக்கு விலையாக, நள்ளிரவில் ஆம்புலன்சுக்குக் காத்திருக்கும் நோயாளியின் உயிரை வைக்கக் கூடாது!