பள்ளியை மூடியது பெற்றோரா?



கிளமெண்டியில் எம்ஆர்டி ஏறி நகரை நோக்கிப் போனால் எட்டாவது நிறுத்தம் தஞ்சோங் பகார். வேலைக்குப் போகும் அவசரத்தில் நம்மில் பலர் நாள்தோறும் கடந்து போகிற இடம். இன்று அலுவலகக் கோபுரங்கள் நிற்கும் அந்த வட்டாரத்தில்தான் சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப்பள்ளி இருந்தது. இதை உங்கள் பிள்ளைகளிடம் என்றைக்காவது சொல்லியிருக்கிறீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். உங்களுக்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தப் பள்ளியின் பெயர் உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி. ஜப்பானியர் ஆட்சி முடிந்த மறு ஆண்டு, 1946இல், ஊரே அரிசிக்குத் திண்டாடிய நேரத்தில் அது தொடங்கியது. தொடங்கியது அரசாங்கம் அல்ல; கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற ஊர்ச்சங்கம். திருநெல்வேலிச் சீமையில் தறி நெய்து பிழைத்த கடையநல்லூர் மக்கள், நெசவு நொடித்தபின் கப்பலேறி வந்து துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் குடியேறினார்கள். ஆண்கள் கூலி வேலைக்கும் சில்லறை வியாபாரத்துக்கும் போனார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள், இடியாப்பம் பிழிந்து விற்றார்கள். அம்மியில் அரைத்த காசு வீட்டு வாடகைக்கும் போயிற்று, பிள்ளைகளின் படிப்புக்கும் போயிற்று. அந்தப் பெண்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

பள்ளிக்கு அவர்கள் வைத்த பெயரையும் கவனியுங்கள். நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணமாகத் தமிழில் பாடியவர் உமறுப் புலவர். ஒரு முஸ்லிம் சங்கம் நடத்திய பள்ளியில் இந்துப் பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள். தமிழர் என்றால் யார் யார் என்று இன்றும் சிலர் கோப்பிக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்களே, அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

1960இல் அங்கே உயர்நிலை வகுப்புகள் தொடங்கின. இது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஓர் ஒப்பீடு சொல்கிறேன். மலேசியாவில் இன்றும் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எல்லாமே தொடக்கப்பள்ளிகள். தமிழிலேயே கணிதமும் அறிவியலும் வரலாறும் படித்து உயர்நிலைத் தேர்வு எழுதுகிற பள்ளி அங்கே ஒன்றுகூட இல்லை. அதைத் தஞ்சோங் பகாரின் உழைப்பாளிச் சமூகம் நடத்திக் காட்டியது.

1982இல் பள்ளி மூடப்பட்டது. சிங்கப்பூரில் தமிழில் பாடம் நடத்திய கடைசிப் பள்ளி அதுதான். 

ஏன் மூடப்பட்டது என்று கேட்டால் ஆயத்தமாக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: மாணவர் சேரவில்லை, தமிழ்ப் பெற்றோரே பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தப் பதில் பாதி உண்மை. ஒரு வழக்கறிஞராகச் சொல்கிறேன், பாதி உண்மையைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன்.

அந்தப் பெற்றோரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். 1956இல் சட்டமன்றத்தின் அனைத்துக்கட்சிக் குழு, நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்றது. நல்லது. ஆனால் தமிழில் உயர்நிலை முடித்த பிள்ளை அடுத்து எங்கே போவது? சீனர்களுக்கு நன்யாங் பல்கலைக்கழகம் இருந்தது. அதற்குத் திரிஷா ஓட்டியவர்கள்கூடக் காசு கொடுத்தார்கள். நம்மவர்கள் கொடுக்காமலா இருந்தார்கள்? கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது கூலித் தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். இங்கிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய இயல் துறையும் வந்தது. 1959இல் அந்தத் துறை கோலாலம்பூருக்குப் போய்விட்டது. மறு ஆண்டுதான் உமறுப் புலவரில் உயர்நிலை வகுப்பு! ஏணியின் கீழ்ப்படியை நாம் பொருத்துவதற்குள் மேல்படியைக் கழற்றிக்கொண்டு போனது போல ஆயிற்று.

அதன்பின் 1968இல் பிரிட்டிஷ் படைத்தளங்கள் மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. தளங்களில் வேலை பார்த்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் ஊர் திரும்பின. மிஞ்சியவர்களுக்கு வந்த வேலைகளோ ஆங்கிலம் கேட்டன. பல்கலைக்கழகமே வைத்திருந்த சீனமொழிப் பள்ளிகளும் அந்த வெள்ளத்தில் நிற்கவில்லை. நன்யாங் 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. அப்படியிருக்க, எண்ணிக்கையில் சிறிய நாம் எப்படி நின்றிருப்போம்? மொழியா சோறா என்று கேட்டுவிட்டு, சோற்றை எடுத்தவனைப் பார்த்து "நீதான் மொழியைக் கைவிட்டாய்" என்பது நியாயமான தீர்ப்பாகுமா?

அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு, சிறுபான்மை இனத்தவரின் நலனைத் தொடர்ந்து பேணுவது அரசாங்கத்தின் பொறுப்பு என்கிறது. 153ஏ பிரிவு தமிழை அதிகாரத்துவ மொழி என்கிறது. இரண்டும் விலைமதிப்பற்றவை. மலேசியாவிலோ இலங்கையிலோ வாழும் உறவினரைக் கேட்டால் அவற்றின் அருமை தெரியும். ஆனால் சட்டத்தில் உள்ள உரிமைக்கு ஒரு வகுப்பறை வேண்டும், ஓர் ஆசிரியர் வேண்டும், படித்து முடித்தவனுக்கு ஒரு வேலை வேண்டும். "போதிய மாணவர் இல்லை" என்று யாராவது சொல்லும்போது, "ஏன் இல்லை?" என்ற அடுத்த கேள்வியை நாம் கேட்க வேண்டும். 1982இல் அதை உரக்கக் கேட்டவர்கள் குறைவு என்பது என் கருத்து.

பள்ளியின் பெயர் அடியோடு அழியவில்லை. 1983இல் கல்வி அமைச்சின் கீழ் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் வந்தது. இப்போது பீட்டி சாலையில் இயங்குகிறது. உங்கள் பிள்ளை சேரும் உயர்நிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை என்றால், பள்ளி நேரத்துக்குப் பிறகு அங்கேயோ அமைச்சு நடத்தும் வேறு நிலையத்திலோ படிக்கலாம். தூரம்தான், பிள்ளை களைத்துத்தான் போகும், தெரியும். கிளமெண்டியிலிருந்து பீட்டி சாலைக்குப் போய் வருவது விளையாட்டல்ல. அதற்காகத் தமிழை விட்டுவிடாதீர்கள். வீட்டருகே வகுப்பு வேண்டும் என்று நாலு பெற்றோர் சேர்ந்து பள்ளி முதல்வருக்கு எழுதுங்கள்; வாயால் சொன்னால் போதாது, கடிதமாகக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்று வந்துவிட்டது. அடுத்த கணக்கெடுப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு வேலையும் இருக்கிறது. உமறுப் புலவரில் படித்தவர்களில் பலருக்கு இப்போது அறுபது, எழுபது வயது ஆகிவிட்டது. உங்கள் புளோக்கிலேயே ஒருவர் இருக்கலாம். தேர்ச்சி அட்டை, வகுப்புப் படம், நன்கொடை ரசீது எது இருந்தாலும் வீடு மாறும்போது குப்பையில் போட்டுவிடாமல் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். பள்ளிக்குப் போகும் வழி, ஆசிரியர் பெயர், மதியம் சாப்பிட்டது என்ன என்று கேட்டு, கைபேசியில் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். கேட்கிற வேலையை உங்கள் பிள்ளையிடமே கொடுங்கள், தமிழிலேயே கேட்கட்டும்.